ஒத்தக்கடையில் திணறிய பஸ்

கையும் களவுமாகச் சிக்கினாள் தாமரைச்செல்வி.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் கீழே போய்விட்டார்கள் என்ற தைரியத்தில், டெஸ்ட் பண்ணும் கேம் கன்சோலைப் பூப்போட்ட துணியால் போர்த்தி, அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் ஏசி ரிமோட். ஏசியையும் அணைத்தாயிற்று.

"அடிப்பாவி! நீதானா?" என்று பின்னாலிருந்து கத்தினான் சிவக்குமார்.

அவன் கத்தியதில் நியாயம் இருந்தது. திருநகரில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேர் சேர்ந்து ரெண்டு வருஷமாக ஒரே கேமைக் கட்டி அழுகிறார்கள். திருவாதவூரிலிருந்து பெரியார் நிலையம் வரை டவுன் பஸ் ஓட்டும் கேம். சிவக்குமார்தான் அதன் தலைமை புரோகிராமர். வெளியிட ஒரு பெங்களூர் கம்பெனி சம்மதித்திருந்தது, ஒரே நிபந்தனையோடு. கடையில் விற்கிற சாதாரண கன்சோலில் நொடிக்கு அறுபது படம் குறையாமல் ஓட வேண்டும். குறைந்தால் ஒப்பந்தம் கிடையாது. ஆபீசையும் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

கேம் செய்பவர்களுக்கென்று தருகிற டெவலப்பர் மெஷின் இருக்கிறதே, அது ராஜா வீட்டுப் பிள்ளை. மெமரியும் அதிகம், ஃபேனும் பெரிசு. அதில் பஸ் வழுக்கிக்கொண்டு போகும். கடை கன்சோலோ சின்னப் பெட்டி. அதில் மட்டும் போன மாசம் பூராவும் மத்தியானம் ரெண்டு மணியானால் பஸ் வழியிலிருக்கும் ஒத்தக்கடையில் திணறியது. அறுபது முப்பத்தைந்தானது.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்து வைத்து மண்டையை உடைத்துக்கொண்டான் சிவக்குமார். ஏதாவது ஒன்று இழுத்தால் அதைப் பிடித்து உதைக்கலாம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இழுத்தால் யாரை உதைப்பது? தூரத்து ஆட்களின் முகத்தை எடுத்தான். பூக்கடை நிழலைக் குறைத்தான். பஸ் கண்ணாடியில் தெரிகிற ஊரைப் பாதியாக்கினான். ஒருவழியாகப் போன வாரம் மத்தியானமும் அறுபது நின்றது. கேமைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு முடிவு.

அம்புட்டுப் பாட்டுக்கும் இவள்தான் காரணமா!

"காத்து வர்ற ஓட்டைய அடைச்சா கன்சோல் சூடாகும். சூடானா தானா வேகத்தக் குறைச்சுக்கிரும். டெஸ்டரா இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சே செஞ்சியா? நட பாய்கிட்ட!"

ஓனர் முஜிபுர் ரஹ்மான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"பாய், தெனமும் கன்சோலுக்குத் துணி போட்டு மூடி வச்சிருக்கா இவ. போன வருசம் எனக்கு லீட் போஸ்ட் குடுத்தீங்கல்ல, அந்த வயித்தெரிச்சல்! இன்னிக்கே அனுப்பிவிடுங்க இவள."

"செத்த பொறு மாப்ள. மெயில் வந்துருச்சு."

பாய் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் நாற்காலி கீழே விழுவது தெரியாமல் எழுந்தார்.

"பாஸுப்பா! 'சூடான ரூம்ல வச்சு மூணு மணி நேரம் ஓட்டினோம். இந்த மாசம் வந்த ஒம்பது கேம்ல எட்டு திணறிருச்சு. உங்க பஸ் மட்டும் ஒரு படம்கூடக் குறையல'ன்னு எழுதிருக்காங்க!"

சத்தம் கேட்டு மற்றவர்களும் ஓடிவந்தார்கள். ஆபீஸ் ரெண்டுபட்டது. பாய் சிவக்குமாரைத் தூக்கியே விட்டார். அத்தனை பேருக்கும் கறிதோசை என்று அறிவிப்பு வந்தது.

தரையில் இறங்கியபோதுதான் சிவக்குமாருக்கு உறைத்தது. சூடான ரூமில் எப்படித் திணறாமல் ஓடியது? அந்தத் துணிக்குள் திணறியதால்தானே அவ்வளவையும் செதுக்கினான்! அவள் மூடாமல் இருந்திருந்தால் போன மாசமே, "எல்லாம் சரியா ஓடுது" என்று அனுப்பி, ஒன்பதாவதாகத் திணறியிருப்பான்.

கதவோரம் நின்ற தாமரையிடம் போனான்.

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தாயி. மன்னிச்சிரு."

"விடுங்கண்ணே. பாஸாயிருச்சுல்ல!"

"அதுசரி, துணி போட்டு ஓட்டிப் பாக்கணும்னு ஒனக்கு எப்பிடித் தோணுச்சு?"

தாமரை சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் மொதல்ல பாப்பா பொறந்தநாளுக்கு ஒங்க வீட்டுக்கு வந்தோம்ல? ஷோகேஸுக்குள்ள கன்சோல். தூசி படாம மதினி துணி போர்த்தி, மேல பொம்மையும் வச்சு, கதவையும் சாத்தியிருந்தாங்க. நீங்க பந்தி பரிமாறப் போயிட்டீங்க. 'எங்கப்பா செஞ்ச கேமு'ன்னு பாப்பா எல்லாருக்கும் போட்டுக் காட்டுச்சு. பஸ்ஸு ஒத்தக்கடையில திக்கித் திக்கி நிக்கவும் பிள்ளை மொகமே செத்துப்போச்சுண்ணே."

சிவக்குமாரும் குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தாமரை?"

"சொல்லியிருந்தா, ஒங்க வீட்டுத் துணிய மட்டும் எடுத்துருப்பீங்கண்ணே!"