அட்டையில் பூனை

சீவெர்ட் எழுந்தான். அடுப்பில் விறகு வைத்தான். வாளித் தண்ணீரின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியைக் கரண்டியால் உடைத்து, காப்பிக்குத் தண்ணீர் மொண்டான். ரொட்டியை அறுத்தான். பாலாடைக்கட்டியைச் சீவி அதன்மேல் வைத்தான். தின்றான்.

ஜன்னலுக்கு வெளியே மலை வெள்ளையாக இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது.

புனித வெள்ளி. இந்த வாரம் நார்வேயில் பாதிப்பேர் மலைக்குடில்களில் முடங்கிக்கொண்டு, ஆரஞ்சு உரித்துத் தின்றபடி கொலைக்கதை படிப்பார்கள். ஈஸ்டர் என்றால் அதுதான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பால் பெட்டியின் பக்கவாட்டில்கூட ஒரு குட்டித் துப்பறியும் புதிர், ஒரு பிணமும் நாலைந்து சந்தேக முகங்களும் அச்சாகியிருக்கும்.

குடில் அவன் மாமியார் தூரிடுக்குச் சொந்தம். மகள் இங்வில்ட் போன ஈஸ்டரில் இறந்துபோனாள். இனி மருமகன் எங்கே வரப்போகிறான் என்றுதான் தூரிட் நினைத்திருந்தாள். வந்துவிட்டான். நேற்று மாலையிலிருந்து இருவரும் விறகைப் பற்றியும் பனியைப் பற்றியும் மட்டும் பேசியிருந்தார்கள்.

தூரிடிடம் ஒரே கேள்விதான் இருந்தது. மகளின் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரி அறையில் இருந்தவன் அவன் மட்டும்தான். தூரிட் அப்போது கீழே காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக என்ன சொன்னாள்?

வருஷம் பூராவும் கேட்டாகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை என்பான். அவள் நம்பவில்லை. மகள் பயந்து அழுதிருப்பாள். இல்லாவிட்டால் அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருப்பாள். எதையோ மறைக்கிறான்.

காப்பியோடு அவள் வந்து உட்கார்ந்ததும், சீவெர்ட் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ரோஸ் நிற அட்டை. கழுத்தில் ரிப்பன் கட்டிய பூனை ஒன்று வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு நின்றது. தலைப்பு ஜிகினாவில் மின்னியது.

“அய்யே! எந்தப் பெட்ரோல் பங்க்ல பொறுக்கின இதை? இலக்கியம் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரு நீ, வெக்கமா இல்ல?”

“இங்வில்ட் வாங்கினது. படிச்சுப் பாருங்க.”

தூரிட் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த அட்டையைப் பார்த்து அவனும் சிரித்தவன்தான். அட்டை எவ்வளவு அசிங்கமோ உள்ளே அவ்வளவு சரக்கு இருக்கும் என்பது இங்வில்டின் சித்தாந்தம். ஆஸ்பத்திரிக்கும் இதைத்தான் எடுத்து வந்தாள். அவள் தூங்கும்போது அவன் கைக்கு வேறெதுவும் எட்டவில்லை. கிண்டலாகத்தான் புரட்டினான். கதையில், வழியில் பிணத்தைப் பார்த்த தபால்காரி, அன்றைய தபாலையெல்லாம் வீடு வீடாகக் கொடுத்து முடித்த பிறகுதான் போலீசுக்குச் சொல்லப் போனாள்.

அந்த இடத்தில் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இப்போது தூரிடும் நிமிர்ந்தாள். தபால்காரி வந்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

வெளியே போய் விறகு பிளந்தான். கூரைப் பனியைத் தள்ளினான். பேச யாருமில்லாத வேலைகள். திரும்பி வந்தபோது அடுப்பு அணையும் தறுவாயில் இருந்தது. பாதி உரித்த ஆரஞ்சு அவள் மடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் இரண்டையும் கவனிக்கவில்லை.

“யாரு செஞ்சதுன்னு மட்டும் சொல்லிடேன், சீவெர்ட். என்னால தாங்க முடியல.”

அவன் மாட்டேன் என்று தலையசைத்தான்.

“சொல்லேன்ப்பா. நான் என்ன போலீசுக்கா போயிச் சொல்லப்போறேன்?”

வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவன் விறகோடு அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவள் மெதுவாகப் புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

அவன் விறகைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான்.

அன்று கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனின் பெயர் வந்ததும் தன்னை மறந்து ‘அட!’ என்று கத்திவிட்டான். அந்தச் சத்தத்தில் இங்வில்ட் கண் விழித்தாள். அவன் கையிலிருந்த பூனையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோயிற்று அவளுக்கு. ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கினாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

“யாருன்னு சொல்லித் தொலைச்சிடாதே. நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன்.”