பானெட்டில் ஒரு குளம்

புதுக் கறுப்புக் காரின் பானெட்டை ரிஷபன் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவன் மனைவி சந்தனா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க! எங்க நைனா ஆசையா வாங்கிக் குடுத்த வண்டி!"

"பளபளப்பு போவணும்."

"கண்ணாடி மாதிரி இருக்குதுன்னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்களே, அந்தத் திருஷ்டிக்கா? எலுமிச்சம்பழம் கட்டுனா போதாதா? நாளைக்கு நைனா வந்து கேட்டா இன்னா சொல்லுவேன்?"

"சத்தம் போடாத. இங்க வந்து பாரு."

தேய்க்காத பாதியில் கோட்டை மலை தலைகீழாகத் தெரிந்தது. அதன்மேல் ஒரு தட்டான் தாழப் பறந்து, வாலால் பானெட்டைத் தொட்டுத் தொட்டு எழும்பியது.

"தண்ணின்னு நெனச்சு முட்ட போடுது. வெயில்ல அத்தனையும் வெந்துபோவுது."

உயிர்க்கொலைக்கு அஞ்சித் தேனைக்கூடத் தொடாத சமண வீடு அது. சந்தனா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

தட்டான் தேய்த்த பாதிக்கு வந்தது. அங்கே மலையும் இல்லை, வானமும் இல்லை. சற்றே தயங்கியது. பிறகு மேலே எழும்பி, கோட்டைக் குளத்துப் பக்கம் பறந்துபோனது.

அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டு, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு தாள் குடுங்க. நைனாவுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. மேல்கூரை பூரா பாக்கி இருக்குதே!"