ஆறவைத்த தண்ணீர்

எழுபத்திரண்டு.

இன்னும் ஆற வேண்டும்.

அவர் தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்தார். தண்ணீரை இன்னொரு டம்ளருக்கு மாற்றினார். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் ஏழெட்டு டிகிரி இறங்குகிறது. ஐம்பத்தைந்தில் நிறுத்த வேண்டும்.

கூடத்தில் சாருமதி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குக் கார் வந்துவிடும். கோவை, சிங்கப்பூர், அப்புறம் ஒசாகா. மகளை இனி அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும்.

முப்பத்தோரு வருஷம் குன்னூரில் டீமேக்கராக இருந்தவர். இலையை வாட்டி, நறுக்கி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, லாரி லாரியாகத் தூள் அனுப்பியவர். கொதிக்காத தண்ணீரில் டீ போடுகிறவனை ஒரு மனுஷனாகவே மதித்ததில்லை.

இன்று தண்ணீர் ஆறட்டும் என்று நிற்கிறார்.

அறுபத்தைந்து.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதக் கடைசி. ஜப்பானில், உஜி என்ற ஊரில் ஹிரோகியின் வீடு. சாருமதி கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன். தேயிலைத் தோட்டக்காரர்கள் என்று கேள்விப்பட்டதுமே இவருக்குப் பாதி மனசு இறங்கியிருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் அவ்வளவு தூரம் போனார்.

வாசலில் டாக்ஸிக்காரருக்கு ஒரு பெரிய குவளையில் டீ வந்தது. ஆவி பறந்தது. வறுத்த இலையின் வாசனை தெருவரைக்கும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

உள்ளே ஹிரோகியின் அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, வெந்நீரை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினார். காத்திருந்தார். மறுபடி மாற்றினார். கடைசியில் சுண்டுவிரல் உயரக் கிண்ணம் ஒன்றில், மருந்து அளந்த மாதிரி, ஒரு வாய் டீ.

இவர் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போயிருந்தது.

டாக்ஸிக்காரருக்குச் சுடச்சுட ஒரு குவளை. சம்பந்திக்கு ஆறினதில் ஒரு வாய்.

கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினார்.

“நம்ம ஃபேக்டரியில லோடு இறக்க வர்றவங்களுக்குக்கூட ஆறின டீ குடுத்ததில்ல. எந்திரி, போலாம்.”

சாருமதி அவரைப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, லேசாகச் சிரித்தபடி, ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள்.

எழுந்தாள்.

எழாமல் இருந்திருக்கலாம். எத்தனையோ நாள் அவர் அப்படி நினைத்துக்கொண்டதுண்டு. பெற்ற மகள் ஒரு தடவை சொல்பேச்சுக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

டாக்ஸியில் ஏறப்போகும்போது அந்த அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தார். ஒரு டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினார். இவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்ததும் அது பரணுக்குப் போய்விட்டது.

கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. மூன்றாம் வருஷம் ஹிரோகிக்கு வேறு இடத்தில் முடிந்தது. அங்கே மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சாருமதி அதைப் போனில் சொன்னாள். அவள் இன்னும் தனியாக இருக்கிறாள்.

அவரைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வந்ததில்லை. வந்திருந்தால் பதிலுக்கு இவரும் கத்தியிருப்பார். கத்தித் தீர்த்திருக்கலாம்.

முந்தாநாள் அவளுக்காகப் பழைய ஸ்வெட்டரைத் தேடியபோது டப்பா கைக்கு வந்தது. பின்பக்க எழுத்துக்கு நேரே போனைப் பிடித்தார். போன் தமிழில் காட்டியது.

கியோகுரோ. கொழுந்து விட்டதும் பந்தல் போட்டு, இருபது நாள் வெயில் படாமல் வளர்த்தது. பறித்த கையோடு ஆவியில் அவித்து, கையால் உருட்டிக் காயவைத்தது. தண்ணீர் ஐம்பத்தைந்து டிகிரி. கொஞ்சமாகப் பருகவும்.

அன்றைக்குப் பகல் முழுக்க அதைப் பற்றியே போனில் தேடித் தேடிப் படித்தார். வறுத்த தேயிலைக்குப் பெயர் ஹோஜிச்சா. கொதிக்கிற தண்ணீர் போதும், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தரலாம். வெயிலில் வளர்ந்த சென்சாவுக்கு எழுபது, எண்பது. கியோகுரோவுக்குத்தான் பொறுமை வேண்டும். அதை எல்லாருக்கும் எடுப்பதில்லை.

மதிப்பு கூடக் கூடச் சூடு குறைகிறது. டீயில் எல்லாம் தெரியும் என்று இருந்தவருக்கு இது தெரியவில்லை.

ஐம்பத்தைந்து.

இலையில் ஊற்றினார். இரண்டு நிமிஷம் கழித்து வடித்தார். சின்னக் கோப்பை வீட்டில் ஏது? ஊறுகாய் வைக்கிற பீங்கான் கிண்ணங்கள் இரண்டைக் கழுவி வைத்திருந்தார்.

கூடத்துக்குக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். டப்பாவையும் வைத்தார்.

சாருமதியின் கை பெட்டியின் ஜிப்பிலேயே நின்றது.

இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பு வாய்வரை வந்தது. வெளியே வந்தது வேறு. அன்றைக்கு அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார்.

“உங்களுக்கு வயிறு சரியில்லன்னு சொன்னேன்ப்பா. சரியானதும் குடிக்கச் சொல்லித்தான் அவங்க இதைக் குடுத்தாங்க.”

அவர் தன் கிண்ணத்தை எடுத்தார். உறிஞ்சி நாக்கில் புரட்டினார். பழக்கம்.

மணம் இல்லை. இனிப்பு இல்லை. ஏழு வருஷம் பரணில் கிடந்த இலை, வைக்கோல் ஊறின தண்ணீராக இறங்கியது. எந்த ஏலத்திலும் இதை யாரும் சீந்த மாட்டார்கள்.

குடிக்காதே என்று சொல்லத் திரும்பினார்.

அதற்குள் அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு மிடறாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

“நல்லா இருக்குப்பா” என்றாள், லேசாகச் சிரித்தபடி.

அந்தச் சிரிப்பை அவர் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறார்.