மஞ்சள் கயிற்றில் மூன்று காசு

உடையவர் பெயர் பதியாத பணம் எதுவும் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, விமான நிலையத்தில் இரும்புப் பல் வைத்த எந்திரம் ஒன்று வந்து நின்றது. கமலவேணி ஊர் ஊராகச் சேர்த்த வெளிநாட்டு நோட்டுகளை அது அவள் கண்ணெதிரே நார்நாராகக் கிழித்துத் துப்பியது.

"கழுத்துல என்னம்மா?" என்றாள் அதிகாரி பிரமிளா.

"தாலி."

மஞ்சள் கயிற்றில் ஜப்பான், டென்மார்க், நார்வே என்று மூன்று ஓட்டைக் காசுகள் தொங்கின. தாலியில் கோத்த காசு நகையாகத்தான் கணக்கு. அதில் கை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. பிரமிளா திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் தவறிட்டார்னு இருக்கே. இது யார் கட்டினது?"

"நானே கட்டிக்கிட்டேன்."

"அப்ப இது தாலி இல்ல, வெறும் காசு. கழட்டுங்கம்மா."

வரிசையே திரும்பிப் பார்த்தது. கமலவேணி குரலைத் தாழ்த்தவில்லை.

"அவர் காரியத்தன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நின்னு கழட்டுன்னாங்க. அழுதுக்கிட்டே கழட்டிக் குடுத்தேன். அப்புறம்தான் தனியா ஊர் சுத்தக் கிளம்பினேன். ஒவ்வொரு காசும் நான் தனியா நின்னு டீ வாங்கிக் குடிச்சதுக்கு வந்த சில்லறை. இன்னொரு தடவை கழட்ட மாட்டேன். வேணும்னா கழுத்தோட சேர்த்து அந்த எந்திரத்துல விடுங்க."

பிரமிளா திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு, ‘தாலி கட்டியவர் பெயர்’ என்று திரை கேட்ட இடத்தில் ‘கமலவேணி’ என்று அடித்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.