நிலச்சூட்டின் வரைபடம்

அறையில் இருப்பவர்கள் மூன்று பேர்: வரைபட வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் மனோரமா, முடித்த வேலையைச் சி.டி.யில் சென்னைக்குக் கொண்டுபோகும் அவள் தம்பி விஷ்ணு, கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே இரவு வேலைக்கு வந்த சூர்யநாராயணன்.

விடிந்துவிட்டது. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஊரின் மலைக்கோயில் மணிச் சத்தம் கேட்கிறது. ஜன்னல் வெயில் விழுந்து கணினித் திரை பாதி வெளுத்துக் கிடக்கிறது. பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்தில் மின்சாரம் எடுக்க எங்கே துளை போடலாம் என்று சொல்லும் வரைபடம் அது. கிணறுகளின் சூட்டைச் சிவப்பாகவும், பாறை வெடிப்புகளைக் கறுப்பாகவும், மின்கம்பிப் பாதையைப் பச்சையாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருக்கிறான் சூர்யநாராயணன். மூன்றும் கூடும் இடத்தில் ஒரு வட்டம் போட்டாயிற்று. சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கை மவுஸை விட மறுக்கிறது. போன முறை இப்படித்தான் கடைசி நேரத்தில் ஒரு கோட்டை நகர்த்தப் போய் எல்லாம் குழம்பிற்று, ரயிலும் போயிற்று. இன்றும் தவறினால் இந்த வேலை வேறு ஊருக்குப் போய்விடும்.

விஷ்ணு சி.டி.யைப் பைக்குள் வைக்கிறான்.

“அக்கா, அந்த வெடிப்பை இன்னொரு தபா பாத்துடறேன்,” என்கிறான் சூர்யநாராயணன்.

“ராத்திரி பூரா அதைத்தானே பாத்துகினு இருந்தே?” என்கிறாள் மனோரமா.

“உட்டா சூட்டை ஆந்திராவுக்கே தள்ளிடுவே, நைனா,” என்று சிரித்துக்கொண்டே விஷ்ணு செருப்பை மாட்டுகிறான். சி.டி.யைத் திரும்ப வாங்க சூர்யநாராயணன் அவன் பின்னாலேயே எழுகிறான். மனோரமா குறுக்கே வந்து நிற்கிறாள்.

“ரயில் கிளம்பட்டும், அப்பால கதவைத் தொறக்கறேன். டீ ஆறுது பார்.”

சூர்யநாராயணனுக்குக் கோபம் வரவில்லை. தோள் இரண்டும் தாமாகவே தளர, நாற்காலியில் சாய்ந்து டம்ளரை எடுக்கிறான். விஷ்ணு வெளியே போனதும் மனோரமா கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.