வெள்ளைத் தாடிப் புனிதர்

எண்பத்தாறாம் ஆண்டு, மூன்றாம் தடவையாக நீக்கிலாஸ் கார் லைசன்ஸ் சோதனையில் பெயில். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டிலோ பஸ்ஸைக் காண்பதே அரிது.

மனைவியிடம் எரிந்து விழுந்தான். "கத்தரீனா, உன்ரை புனிதருக்கு மெழுகுதிரி கொளுத்தினது காணும்!"

"வாயைப் பொத்துங்கோ! நீங்கள் பெயிலான மூண்டு தரமும் ஃபாக்டரியிலை புரமோஷன் வாங்கித் தந்தது ஆர்?"

அது உண்மைதான். தரை கூட்டப் போனவன் இப்போது மேற்பார்வையாளன்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. பழைய சாமான் கடையில் அவள் வாங்கிய, நெஞ்சில் சிலுவைப் பதக்கம் தொங்கும் அந்த வெள்ளைத் தாடிப் படத்தைக் கழற்றினான். பின்புறம் டேனிஷில் ஒரு குறிப்பு இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"ரஷ்ய இராணுவத் தளபதி, ஜப்பான் போர், 1905. மூன்று சண்டையிலும் தோல்வி. மூன்று முறையும் பதவி உயர்வு."

படத்தைப் பக்குவமாக மாட்டினான்.

"கத்தரீனா, பெரிய மெழுகுதிரியாக் கொண்டா. நாலாம் தரமும் நான் பெயிலாக வேணும்!"