குண்டு கிடைக்காத துப்பாக்கி

காஞ்சிபுரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மயில்வாகனம், மாணிக்கவேலின் லைசன்சைப் பார்த்துவிட்டு ஒரு பழைய லீவர் ரைபிளை எடுத்து வைத்தார்.

“விலை கம்மிதாம்பா. ஆனா இதுக்குப் பிஸ்டல் குண்டுதான் போடணும். அந்த சைசு மெட்ராஸ்லயே வர்றதில்ல.”

“தேடினா கிடைக்குமாண்ணே?”

“நானே ரொம்ப நாளா தேடிக்கினு இருக்கேன். எவங்கிட்டயும் இல்ல.”

“அப்போ இதையே குடுங்க.”

“மிலிட்டரியில இருந்த ஆளு நீ. குண்டு இல்லாத ரைபிள வச்சுக்கினு பல்லா குத்துவ? டபுள் பேரல் எடுத்துக்க. விலை கொஞ்சம் கூட ஆனாலும் குண்டு கிடைக்கும்.”

“வேணாம்ணே.” மாணிக்கவேல் ரைபிளைத் தோளில் மாட்டிப் பார்த்தான். “எங்க ஊரு ஏரியில ஒருத்தன் திருட்டு மண்ணு அள்றான். அவங்கிட்டதான் எனக்கு கன்மேன் வேலை. லாரிய மறிச்சா சுடுன்றான். நான் போவலன்னா, நெசமாவே சுடுறவன் எவனையாவது கூட்டினு வருவான்.”



“லாரிய மறிக்கிறது யாருப்பா?”

“எங்க ஊரு பொம்பளைங்க. மொதல்ல நிக்கறது எம் பொண்டாட்டி அங்கம்மாதான். பில்லு போடுங்க.”